இரண்டாவது அளவை நாமே எழுதி நிரப்பலாமா?

கோலாலம்பூரில் சமூக ஊட்டச்சத்து படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் புக்கிட் மெர்தாஜாம். பத்து வாரக் களப்பயிற்சியில் ஆறு வாரம் ஓடிவிட்டது. நான்கு பேர் கொண்ட இவரது குழு, செந்தூல் வட்டாரத்தில் ஒரு பி.பி.ஆர். (அரசின் மலிவு விலை வீடமைப்பு) அடுக்குமாடியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 62 குழந்தைகளின் உயரம், எடை, மேற்கைச் சுற்றளவு (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவு) எடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு முறை அளக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்திலும் குழந்தைகளின் அழுகையிலும் 21 பேரை ஒரு முறைதான் அளக்க முடிந்தது. "முதல் அளவோடு ஒரு புள்ளி கூட்டியோ குறைத்தோ எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறார் குழுத் தோழி.

தாய்மார்களிடம் கேட்டு எழுதிய உணவுக் கணக்கும் இடிக்கிறது. 78 கிலோ எடையுள்ள 40 வயதுப் பெண் நாளுக்கு 900 கிலோகலோரிதான் சாப்பிடுவதாக வருகிறது. "உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்பது மாணவியின் வருத்தம். காலை 11 மணிக்கு ஏற்பாடு செய்த சத்துணவு விளக்கக் கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அக்கா ஒருவர், "நீதான் படிக்கிறியே, எனக்கு ஒரு டயட் எழுதிக் கொடு" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இதற்கிடையே ஒரு நேரடி விற்பனை நிறுவனம், வார இறுதியில் பேரங்காடிச் சாவடியில் நின்று சத்துமாவுப் பானம் விற்றால் நாளுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறது. வெள்ளைக் கோட்டும் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று பெயர் அட்டையும் அவர்களே கொடுப்பார்களாம். குடியிருப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் எண்களும் வேண்டுமாம். அம்மாவோ, "டயட்டீஷியன் என்றால் நாலு பேருக்குத் தெரியும். பேசாமல் அதற்கு மாறிவிடு. பினாங்கிலேயே யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கு, வீட்டிலிருந்து போய் வரலாம்" என்கிறார்.

பெயர்கள் இல்லாத அளவுப் பட்டியல் ஒன்றையும் மாணவி கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். களத்தில் இருக்கும் மற்ற மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலின் 37-ஆம் வரியில் ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான். மேற்கைச் சுற்றளவு 11.3 செ.மீ. அந்த வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை, கடிதத்திலும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 6 முதல் 59 மாதம் வரையான குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான உடல் மெலிவு. இது அறிக்கை தயாராகும் வரை காத்திருக்கிற சங்கதி இல்லை. மேற்பார்வையாளருக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டு, அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய் மறுபடி அளக்க வேண்டும். இடது கையை முழங்கையில் 90 பாகைக்கு மடக்கித் தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியில் பேனாவால் குறியிடுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு, நாடா தோலைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். இறுக்கினால் அளவு குறைந்துவிடும். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம் இருக்கிறது. மறு அளவும் 11.5-க்குக் கீழே வந்தாலோ, வீக்கம் இருந்தாலோ, குழந்தை சோர்ந்து சாப்பிட மறுத்தாலோ, மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதத்தோடு அன்றே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசுச் சுகாதார கிளினிக்) அனுப்ப வேண்டும்.

பட்டியலில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத, அதாவது வளர்ச்சி குன்றிய குழந்தைகள் எட்டுப் பேர். அவர்களுக்கு அவசரம் இல்லை, ஆனாலும் முடிவு தாயின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது நீங்கள் கொடுத்த வாக்கு அது. மற்ற தாய்மார்கள் நிற்கும் இடத்தில் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய், தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வறிய குடும்பத்தில் எடை குறைந்த குழந்தை இருந்தால், சுகாதார அமைச்சு 1989-இலிருந்து நடத்திவரும் உணவுக்கூடைத் திட்டம் இருக்கிறது. அதற்கு வழி கிளினிக்தான்.

இல்லாத இரண்டாவது அளவு

எழுதி நிரப்பாதீர்கள். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். 'தப்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அடுத்த முறை நெருக்கடி வரும்போது அந்தச் சொல் நிற்காது.

இரண்டாவது அளவு எதற்கு? குழந்தையின் உயரம் முதல் அளவிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது அளவு உங்கள் கையைச் சோதிக்கிறது. முதல் அளவுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் கூட்டி, குழந்தைகளின் எண்ணிக்கையைப்போல் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவது அளவுப் பிழை. இதை வகுப்பில் போட்டிருப்பீர்கள். கற்பனையில் எழுதிய அளவு எப்போதும் முதல் அளவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். 41 குழந்தைகளிடம் சராசரியாக அரை சென்டிமீட்டர் விலகும் கை, 21 குழந்தைகளிடம் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை என்றால், அனுபவமுள்ளவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். கடைசி இலக்கமும் காட்டிக்கொடுக்கும். உண்மையாக அளந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறையச் சமமாக வரும். அப்படியானால் 62 பேரில் 0-விலும் 5-லும் முடிபவை 12 அல்லது 13 இருக்கலாம். உங்கள் உயரப் பட்டியலில் 29 இருக்கிறது. யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. அவசரத்தில் கோட்டைப் பார்த்து 'பாதி' என்று முழுமையாக்கி எழுதியிருக்கிறீர்கள். இதையும் அறிக்கையில் ஒப்புக்கொள்ளுங்கள்.

"சில மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும்?" என்று தோழி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சரியாக 24 மாதம் ஆன பெண் குழந்தை. படுக்கவைத்து அளந்ததில் 79.8 செ.மீ. அந்த வயதில் நின்ற உயரத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி குன்றல் எல்லைக்கோடு 79.3. நேரடியாக ஒப்பிட்டால் குழந்தை கோட்டுக்கு மேலே, பிரச்சினை இல்லை. ஆனால் படுத்த நிலையில் உடல் சற்று நீளும். இரண்டு வயது ஆன குழந்தையைப் படுக்கவைத்து அளந்திருந்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும். கழித்தால் 79.1. குழந்தை கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. நின்றா, படுத்தா என்ற ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால் கவனிக்கப்பட வேண்டிய குழந்தை கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் 14 குழந்தைகளுக்குக் காலியாக இருக்கிறது. என் பார்வையில், இரண்டாவது அளவு இல்லாததைவிட இதுதான் பெரிய ஓட்டை.

சரிசெய்யும் வழி உண்டு, நாளும் இருக்கிறது. 21 குழந்தைகளின் தாய்மார்களையும் கூப்பிட்டு, ஒரு சனிக்கிழமை மாலை வரச் சொல்லுங்கள். அன்று ஒவ்வொரு குழந்தையையும் இரண்டு முறை புதிதாக அளக்க வேண்டும். அன்றைய அளவைப் பழைய முதல் அளவுக்கு ஜோடியாகப் போடக் கூடாது. நடுவில் சில வாரம் போய்விட்டது, குழந்தை வளர்ந்திருக்கும். இரண்டுமே ஒரே நாளின் அளவாக இருக்கட்டும், தேதியும் வயதும் புதிதாக எழுதப்படட்டும். உயரத்தில் 0.7 செ.மீ.க்கு மேலோ எடையில் 100 கிராமுக்கு மேலோ வித்தியாசம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அளவெடுங்கள். வராத குழந்தைகளை 'ஒரு முறை மட்டும் அளக்கப்பட்டது' என்று அப்படியே காட்டுங்கள்.

அளக்கும்போது உங்கள் குழு கவனிக்க வேண்டியவை:

- வயதைத் தாயின் வாய்ச்சொல்லில் எழுதாதீர்கள். மைகிட் அட்டை (குழந்தைகளின் அடையாள அட்டை) அல்லது கிளினிக் புத்தகத்தில் இருக்கும் பிறந்த தேதியை எழுதுங்கள்.
- இரட்டைப் பின்னல், உச்சிக் கொண்டை, பெரிய கிளிப் எல்லாவற்றையும் தாயைக் கேட்டு அவிழ்த்த பிறகே தலைப்பலகையை இறக்குங்கள். அது மண்டையைத் தொட வேண்டும்.
- குதிகால், பிட்டம், தோள்பட்டை பலகையில் படட்டும். காதுத் துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் வரட்டும். ஒருவர் பாதத்தையும் முழங்காலையும் பிடிக்க, மற்றவர் தலையைப் பார்க்க வேண்டும். தனியாளாக அளந்தால் குதிகால் எழும்புவது தெரியாது.
- எடைக்கருவி பாயின்மேலோ ரப்பர் விரிப்பின்மேலோ நிற்கக் கூடாது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன் எடை தெரிந்த கல்லை வைத்துச் சரிபாருங்கள். ஈர டயப்பரைக் கழற்றச் சொல்லுங்கள்.
- எண்ணைப் படிப்பவர் உரக்கச் சொல்ல, எழுதுபவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதட்டும். இரண்டாவது முறை அளக்கும்போது முதல் எண் கண்ணில் படக் கூடாது.

மதிப்பெண் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். '62 பேரில் 41 பேருக்கு இரட்டை அளவு, 21 பேருக்கு ஒற்றை அளவு, காரணம் இது, சரிசெய்த விதம் இது' என்று எழுதும் அறிக்கைக்குச் சில மதிப்பெண் குறையலாம். புனைந்த தரவு கண்டுபிடிக்கப்பட்டால் அது கல்வி ஒழுங்கு விசாரணை. எழுதியவர் ஒருவராக இருந்தாலும் கையெழுத்துப் போட்ட நால்வரும் பதில் சொல்ல வேண்டிவரும். முதலில் குழுவுக்குள் பேசுங்கள். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை என்றால், உங்கள் களக் குறிப்பேட்டில் நீங்கள் அளந்தவற்றைத் தேதியோடு எழுதி, மேற்பார்வையாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். உண்மையில்லாத அறிக்கையில் கையெழுத்திட மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

900 கிலோகலோரி

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 78 கிலோ எடையுள்ள 40 வயதுப் பெண்ணுக்கு, படுத்தே கிடந்தாலும் உடம்பு இயங்க ஏறக்குறைய 1,500 கிலோகலோரி வேண்டும். 900-இல் அந்த எடை நிலைக்காது. எண் இப்படி வந்தால் முதலில் கேள்வி கேட்ட விதத்தைப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். காலை: ஒன்றும் இல்லை. மதியம்: சோறு, மீன் குழம்பு, கீரை. இரவு: சப்பாத்தி 2, பருப்பு. அவ்வளவுதான். நீங்கள் "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் வீடுகளில் 'சாப்பாடு' என்றால் சோறோ பலகாரமோ. தேநீர் சாப்பாட்டில் சேராது, பிஸ்கட்டும் சேராது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததைத் தாய் வழித்துச் சாப்பிட்டதும் சேராது. "எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் வாயில் முதலில் வைத்தது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தரை மணிக்குக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் அதில் தோய்த்த நாலு பிஸ்கட்டும் வெளியே வரும். பத்து மணிக்கு வேலை இடத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த இன்னொரு தேநீர். ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்). ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பால் ஏறக்குறைய 20 கிராம், அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து சுற்றாகக் கேட்கும் முறையை வகுப்பில் படித்திருப்பீர்கள். அதைக் களத்தில் சுருக்கிவிடாதீர்கள். முதல் சுற்றில் குறுக்கிடாமல் அவர் சொல்வதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவதில் மறந்துபோகக்கூடியவற்றை, அதாவது பானம், கொறிப்பு, பழம், இனிப்பு, ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவதில் நேரமும் இடமும். நான்காவதில் அளவும் சமைத்த விதமும். ஐந்தாவதில் முழு நாளையும் திரும்பப் படித்துக் காட்டுங்கள். அளவுக்குப் படம் காட்டுவதைவிட அவர் வீட்டுக் கரண்டியையும் கோப்பையையும் கேட்டு வாங்கி, தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பது மேல். 'ஒரு கரண்டி எண்ணெய்' வீட்டுக்கு வீடு வேறு. ஒருவரிடம் இரண்டு வேலைநாளும் ஒரு விடுமுறை நாளும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சைவமும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் ஒரே குடும்பத்தின் உணவுதான். "ஐயோ, இவ்வளவு எண்ணெயா!" என்று முகத்தில் ஒரு சுளிப்பு தெரிந்தாலே அடுத்த பதில் சுருங்கிவிடும்.

கூட்டத்துக்கு ஆறு பேர் வந்ததும் இதோடு சேர்ந்ததுதான். 'அறியாமையைப் போக்க வேண்டும்' என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். யூனிசெப் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்ததைக் காட்டியது. தலைநகரின் நடுவில், கிளினிக்கும் சந்தையும் எட்டும் தூரத்தில், இந்த நிலை. பணம், நேரம், வேலை மணி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், சமையலறையின் வசதி எல்லாம் இதில் உண்டு. உங்கள் பாடத்தில் வரும் யூனிசெப்பின் காரணச் சட்டகம் சொல்வதும் இதைத்தான். காலை 11 மணிக்குத் தாய்மார்கள் வேலையில் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குக் குடியிருப்பாளர் சங்கத்தின் அனுமதியோடு பல்நோக்கு மண்டபத்தைத் திறந்து, பிள்ளைகள் வரைய ஒரு மூலையில் தாளும் வண்ணமும் வைத்து, முக்கால் மணி நேரத்தில் முடித்துப் பாருங்கள். சமைத்துக் காட்டுவதாக இருந்தால் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் முடித்தவர்தான் கை வைக்க வேண்டும்.

திட்டத்தின் குறிக்கோளையும் மாற்றுங்கள். 'நான்கு வாரத்தில் வளர்ச்சி குன்றலை 10 விழுக்காடு குறைப்போம்' என்பது நடக்கவே நடக்காது. உயரம் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நகர்வது. நான்கு வாரத்தில் மாறக்கூடியது தட்டில் இருப்பது. 6 முதல் 23 மாதக் குழந்தைகள் நேற்று எட்டு உணவுப் பிரிவுகளில் ஐந்தையாவது சாப்பிட்டார்களா என்று இப்போதும் கடைசி வாரத்திலும் கேளுங்கள். தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டையும், பால் பொருள், இறைச்சியும் மீனும், முட்டை, மஞ்சள் பூசணியும் கீரையும் போன்ற வைட்டமின் ஏ உள்ளவை, மற்ற காய்கனி என்பவை அந்த எட்டு. சோற்றை ரசத்தில் பிசைந்து ஊட்டும் தட்டில் முட்டையோ மசித்த பருப்போ சேர்ந்ததா என்பதே உங்கள் திட்டத்துக்குப் போதுமான குறிக்கோள்.

இன்சுலின் போடும் அக்கா

அவருக்கு டயட் எழுதிக் கொடுக்காதீர்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் அவர் சாப்பிடும் அளவைக் கணக்கில் வைத்துக் கொடுக்கப்பட்டவை. நீங்கள் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, அவர் ஊசியை அப்படியே போட்டுக்கொண்டால், ராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது மருத்துவருக்குத் தெரியுமா என்பதை நீங்கள் கேட்கலாம். சிறுநீரகம் பாதித்திருந்தால், உடம்புக்கு நல்லது என்று நாம் சொல்லும் இளநீரே பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் எழுதும் எந்தத் தாளும் ஆபத்துதான்.

சட்டமும் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், சட்ட எண் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள 23 தொழில்களில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்டும் தனித்தனியாக இருக்கின்றன. நோயாளிக்கு உணவுச் சிகிச்சை வகுப்பது டயட்டீஷியனின் வேலை. மக்கள் கூட்டத்தின் உணவு நிலையை அளந்து, நோய் வருமுன் தடுக்கும் திட்டம் வகுப்பது உங்கள் துறை. இரண்டுக்குமே பட்டம் முடித்து, அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் பேரவையில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழ் பெற வேண்டும்.

அக்காவிடம் வெறுங்கையோடு போக வேண்டாம். நடுத்தரத் தட்டு ஒன்றை வைத்து 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் 'கால், கால், அரை') காட்டுங்கள்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கனி. சோற்றின் அளவை மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள். மூன்று நாள் சாப்பிட்டதையும், ஊசி போட்ட நேரத்தையும், வீட்டில் பார்த்த சர்க்கரை அளவையும் ஒரு தாளில் எழுத உதவி செய்யுங்கள். அந்தத் தாளோடு அவர் வழக்கமாகப் போகும் கிளினிக் கெசிஹாத்தானில் டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. தமிழிலேயே எல்லாம் எழுதிவைத்த அந்தத் தாளை மலாயில் எடுத்துச் சொல்ல உடன் வருவீர்களா என்று அவர் கேட்டால், மேற்பார்வையாளர் அனுமதியோடு போய் வாருங்கள்.

வெள்ளைக் கோட்டும் 150 வெள்ளியும்

பணத் தேவை உங்களுக்கு இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த வேலையை ஏற்காதீர்கள். பதிவு பெறாத நீங்கள் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற அட்டையை மாட்டி ஆலோசனை சொன்னால் சட்டத்தின் முன் நிற்பது நீங்கள். நிறுவனம் உங்களை 'பகுதி நேர விற்பனையாளர்' என்று சொல்லிக் கழன்றுகொள்ளும். இந்தப் பானம் நீரிழிவைக் குணமாக்கும் என்று சொல்லச் சொன்னால் அது இன்னொரு குற்றம். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது.

இத்தகைய சாவடிகளில் வைத்திருக்கும், ஏறி நின்றால் 'உடல் வயது' காட்டும் கருவியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அது சந்திக்கும் தடையை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிறது. தண்ணீர் குடித்திருந்தால், சாப்பிட்டிருந்தால், வியர்த்திருந்தால் எண் மாறும். இதயமுடுக்கி பொருத்தியவர் அதில் ஏறவே கூடாது. அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி விற்கச் சொல்வார்கள்.

வாட்ஸ்அப் எண்களைக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆய்வுக்கு என்று சொல்லி, ஒப்புதல் வாங்கி, தாய்மார்கள் நம்பிக் கொடுத்தவை அவை. வேறு எதற்குக் கொடுத்தாலும் நெறிமுறை மீறல். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அந்தக் குடியிருப்பில் ஒரு கதவும் திறக்காது. கைச்செலவுக்கு வழி தேட, பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவில் ஆய்வு உதவியாளர் வேலையோ உதவிநிதியோ இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். தரவு பதிவு செய்ய ஆள் தேடும் விரிவுரையாளர்கள் உங்கள் துறையிலேயே இருப்பார்கள்.

டயட்டெடிக்ஸுக்கு மாறுவது

அம்மாவின் கணக்கில் ஒரு சிறு பிழை இருக்கிறது. யு.எஸ்.எம்.மின் முதன்மை வளாகம் பினாங்கில்தான். ஆனால் ஊட்டச்சத்தும் டயட்டெடிக்ஸும் நடப்பது கிளந்தானில், குபாங் கெரியான் சுகாதார வளாகத்தில். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போய்வரும் தூரம் இல்லை. மூன்றாம் ஆண்டில் மாறினால் முடித்த பாடங்கள் எல்லாம் கணக்கில் வராது. மருத்துவமனைப் பயிற்சிக்கு முன்னால் படிக்க வேண்டிய உணவுச் சிகிச்சைப் பாடங்களை முதலிலிருந்து எடுக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகே நிற்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அந்தச் செலவு தகும். உங்கள் கடிதத்தில் அந்த விருப்பத்தை நான் எங்கேயும் பார்க்கவில்லை. 62 குழந்தைகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், டயட்டெடிக்ஸைப் பற்றி அம்மா சொன்ன இரண்டு வரிதான் இருக்கிறது.

அம்மாவிடம் வேலையின் பெயரோடு பேசுங்கள். சுகாதார அமைச்சில் ஊட்டச்சத்துப் பட்டதாரிகளுக்கு 'பெகாவாய் சைன்ஸ்' (அறிவியல் அதிகாரி) என்ற பதவி உண்டு. மாவட்டச் சுகாதார அலுவலகங்களிலும் கிளினிக்குகளிலும் இருப்பார்கள். உணவுக்கூடைத் திட்டத்தைக் கண்காணிப்பதும் குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பதும் அவர்கள் வேலையில் உண்டு. உணவுத் தொழிற்சாலைகளில் லேபிள், புதுப் பொருள் ஆகிய பிரிவுகளிலும் ஆள் எடுக்கிறார்கள். பின்னாளில் முதுகலை படித்து டயட்டீஷியன் ஆகலாம் என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் அந்தப் படிப்பைப் பேரவை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவைக் களப்பயிற்சி முடிந்தபின் எடுங்கள். இந்த வாரத்துக்கு வேலை இருக்கிறது. 37-ஆம் வரியில் இருக்கும் பையனைக் கிளினிக்கில் பார்த்துவிட்டார்களா என்று அவன் தாயிடம் கேளுங்கள். பிறகு அந்த 21 வீடுகளுக்கும் போன் போடுங்கள். சனிக்கிழமை மாலைக்கு உயரப் பலகையையும் எடைக்கருவியையும் ஆய்வகத்தில் இன்றே முன்பதிவு செய்துவிடுங்கள்.